மோசின் குழலுக்குக் கண்ணாடி துடைக்கிற திரவம் போதுமா? வீட்டுச் சாமான்களால் ரைஃபிள் சுத்தம்

#1 ஹூஸ்டன்பனை

வணக்கம். துப்பாக்கி மோசின்-நாகான்ட் 91/30, பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிள். தோட்டா 440 ரவுண்டு சீல் வெச்ச பழைய ராணுவ டின், அரிக்கும் ப்ரைமர் (தோட்டாவோட அடியில ஊசி அடிச்சதும் பத்துற சின்ன மூடி). இங்க ரேஞ்சுல எல்லாரும் சொல்ற வழி: சுட்டு முடிச்ச கையோட சேம்பருக்குள்ள (குழலோட பின்முனையில தோட்டா உட்கார்ற அறை) கண்ணாடி துடைக்கிற விண்டெக்ஸை நாலு தடவை பீய்ச்சு, ஒரு துணி இழு, எண்ணெய் போடு, முடிஞ்சது. அதுல இருக்கிற அமோனியா, ப்ரைமர் விட்டுப் போற உப்பை முறிச்சிடுமாம். மூணு கேள்வி. இது உண்மையா? குண்டோட மேலுறையிலேருந்து குழல்ல ஒட்டுற செம்புக்கும் அதே திரவம் போதுமா? கடையில விக்கிற சால்வென்ட்டுக்குப் பதிலா வீட்டுல இருக்கிற எதெல்லாம் உபயோகிக்கலாம்?

#2 துருப்பகை

முறிக்கிறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லைங்க. அமிலமும் காரமும் சேர்ந்தா முறியும். குழல்ல இருக்கிறது அமிலமில்லை.

பழைய ப்ரைமர்ல பொட்டாசியம் குளோரேட் இருக்கு. வெடிச்சதும் அது பொட்டாசியம் குளோரைடா மாறி குழல் முழுக்கப் படியுது. நம்ம சமையல் உப்புக்கு ஒண்ணுவிட்ட தம்பி. அதுவே முறிஞ்ச உப்புதான், அதை அமோனியா என்ன பண்ணும்? வேணுங்கிறது தண்ணி. சாதாரண வெப்பத்துல 100 மில்லி தண்ணியில இந்த உப்பு சுமார் 34 கிராம் கரையும், கொதிநிலையில 56 கிராம். ஒரு நாள் சுட்டதுல குழல்ல தங்குறது மிகச் சொற்பம். அதனால பச்சைத் தண்ணியே கரைச்சிடும். வெந்நீர் ஊத்தச் சொல்றது குழல் சூடாகி தானா காயணும்னுதான்.

விண்டெக்ஸ் வேலை செய்யுதுன்னா அதுல பெரும்பகுதி தண்ணி, கூடவே கொஞ்சம் அழுக்கு இளக்குற சரக்கு. அமோனியா இல்லாத ரகமும் உப்பை அதே அளவு கழுவும். கோளாறு அளவுலதான். நாலு பீய்ச்சல்னா 4, 5 மில்லி. 73 சென்டிமீட்டர் நீளக் குழலை அதுல கழுவ முடியாது, உப்பை இடம் மாத்தலாம். ஒரே ஒரு துணியால துடைச்சா கரைஞ்ச உப்புல பாதி உள்ளேயே மறுபடி காயும்.

#3 கடாரம்

இவ்வளவு பாடு எதுக்கு? சுட்டதும் நல்ல எண்ணெயைத் தாராளமா விட்டுட்டா காத்து படாது, ஈரம் படாது. துரு எப்படி வரும்?

#4 நாலுக்குரெண்டு

@கடாரம், அதைத்தான் முதல் உலகப்போர் முடிஞ்ச காலம் வரைக்கும் நம்பிக்கிட்டிருந்தாங்க. எண்ணெய் போட்டு வெச்ச குழல் எண்ணெய்க்கு அடியிலேயே ஏன் அரிக்குதுன்னு அமெரிக்கச் சுரங்கப் பணியகம் ஆராய்ஞ்சு 1922ல அறிக்கை விட்டுச்சு. காரணம் ப்ரைமர் உப்பு. அது எண்ணெயில கரையாது, மண்ணெண்ணெயிலும் கரையாது. எண்ணெய்ப் படலம் மெல்லிசு, ஈரம் அதைத் தாண்டி உள்ளே போகும். உப்பு அந்த ஈரத்தை இழுத்து வெச்சுக்கிட்டு இரும்பைத் தின்னும். மேலே பளபளன்னு எண்ணெய் தெரியும், அடியில குழி விழுந்துக்கிட்டிருக்கும்.

பிரிட்டிஷ் ராணுவத்துல .303 ரைஃபிளுக்கு சேம்பர்ல செருகுற நீள மூக்குப் புனலே கொடுத்திருந்தாங்க. கொதிக்கிற தண்ணியை அதுல ஊத்தி, அப்புறம்தான் கயித்துல நாலுக்கு ரெண்டு அங்குல ஃபிளானல் துணியைக் கோத்து இழுப்பாங்க. எண்ணெய் கடைசிக் கட்டம்.

#5 துருப்பகை

ஒரு கணக்கையும் சேர்த்துக்கங்க. பொட்டாசியம் குளோரைடு தானா ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்குறது காத்துல ஈரப்பதம் சுமார் 84 சதவீதம் தாண்டும்போது. அரிசோனா பாலைவனத்துல ஒரு வாரம் கழுவாம விட்டவனுக்கு ஒண்ணும் ஆகாம இருக்கலாம். "நான் கழுவுறதே இல்லை, குழல் நல்லாத்தான் இருக்கு"ங்கிற பேச்செல்லாம் அங்கேருந்து வர்றது. ஹூஸ்டன்லயோ, ஐப்பசி கார்த்திகைச் சென்னையிலயோ ராத்திரி ஈரப்பதம் அதைச் சர்வசாதாரணமாத் தாண்டும். விடிஞ்சா ஆரஞ்சு நிறம்.

#6 ஹூஸ்டன்பனை

புரியுது. அப்போ வெந்நீர் முறையைப் படிப்படியா யாராவது எழுதுங்களேன். மரத்துக்குள்ள தண்ணி இறங்குமேன்னு பயமா இருக்கு.

#7 நாலுக்குரெண்டு

பயப்பட வேண்டியது மரத்துக்குத்தான், சரியாச் சொன்னீங்க. மோசினுக்கு எழுதுறேன்.

சேம்பரும் மேகசினும் காலின்னு கண்ணாலயும் விரலாலயும் பாருங்க. போல்ட்டை (சேம்பரை மூடுற, கைப்பிடி வெச்ச உருளை) பின்னால இழுத்து, டிரிகரை அழுத்திப் பிடிச்சா போல்ட் கையோட வந்துடும். மேகசின் அடி மூடியைத் திறந்து வையுங்க, தப்பி இறங்குற தண்ணி அங்கேயே தேங்காது.

புனல் மட்டும் போதாது. சேம்பருக்குள்ள இறுக்கமா உட்கார்ற ரப்பர் குழாய்த் துண்டு ஒரு முழம் வேணும், வெந்நீர் தாங்குற ரகம். ஒரு முனை புனல்ல, மறு முனை சேம்பர்ல 3, 4 சென்டிமீட்டர் உள்ளே. அடைப்பு சரியா இருந்தா ஒரு சொட்டுக்கூட ரிசீவர் (போல்ட் ஓடுற கூடு) பக்கம் வராது. குழல் வாய் கீழே பாத்து வாளிக்குள்ள, துப்பாக்கியைச் சாய்ச்சு நிறுத்துங்க. வாளியோட அடியில குழல் வாய் முட்டக் கூடாது. கந்தை ஒண்ணைப் போட்டு வையுங்க.

அடுப்பிலேருந்து இறக்கின தண்ணி ஒரு லிட்டர். ஒரே மூச்சுல ஊத்தாம மூணு தவணையா. முதல் தவணைக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல நைலான் பிரஷ்ஷை அஞ்சாறு தடவை ஓட்டுங்க. கரிக்கு அடியில மாட்டின உப்பு அப்பத்தான் வெளியே வரும். மூணாவது தவணைக்குள்ள குழல் கையில பிடிக்க முடியாத சூடாகும், கையுறை போட்டுக்கங்க.

தண்ணி வடிஞ்சதும் உடனே காய்ஞ்ச துணி ரெண்டு மூணு. சூடு ஆறுறதுக்குள்ள. சேம்பரையும் போல்ட் பூட்டு உட்கார்ற பள்ளத்தையும் தனியாத் துடைக்கணும், ராட்ல (குழலுக்குள்ள விடுற நீளக் கம்பி) போற துணி அங்க படாது. துணி காய்ஞ்சு வந்ததும் டபிள்யூடி-40 ஒரு பீய்ச்சல். மிச்சமிருக்கிற ஈரத்தை வெளியே தள்றதுதான் அது பிறந்ததிலிருந்து செஞ்ச வேலை. அதையும் துடைச்செடுத்துட்டு அப்புறம்தான் எண்ணெய். டபிள்யூடி-40யையே காவலுக்கு விட்டுட்டுப் போகாதீங்க, அதுல பெரும்பாலும் ஆவியாப் போற சரக்கு. மிஞ்சுற படலம் மாசக்கணக்குல தாங்காது.

போல்ட் முகத்தை மறந்துடாதீங்க. ப்ரைமருக்கு நேர் எதிரே இருக்கிறதே அதுதான். போல்ட் தலை, எக்ஸ்ட்ராக்டர் (காலி உறையை இழுக்கிற கொக்கி) அடி, ஊசி முனை எல்லாம் ஒரு டம்ளர் வெந்நீர்ல முக்கி அலசணும். ஊசியைக் கழற்றினா திரும்ப மாட்டும்போது நீட்டம் பாக்கணும். மோசினோட தட்டைக் கருவியிலேயே 75, 95னு ரெண்டு வெட்டு இருக்கும். ஊசி முனை 95 வெட்டைத் தாண்டக் கூடாது, 75 வெட்டுக்குக் கீழேயும் போகக் கூடாது. அதிகமா நீட்டினா ப்ரைமர் ஓட்டையாகும், குறைஞ்சா வெடிக்காது.

அடுத்த நாளும் அதுக்கடுத்த நாளும் ஒரு வெள்ளைத் துணி இழுத்துப் பாருங்க. பழுப்பு தெரிஞ்சா வெந்நீர்லேருந்து மறுபடி.

#8 மேற்குமலை

நம்மூர்ல .315 ரைஃபிள் வெச்சிருக்கவங்களுக்கு ஒரு சேர்க்கை. "தண்ணி"ன்னதும் போர்வெல் தண்ணியைப் பிடிச்சு ஊத்திடாதீங்க. சென்னை, ராமநாதபுரம் பக்கம் போர்வெல் தண்ணியே உப்பு. உப்பைக் கழுவ உப்புத்தண்ணி ஊத்தின கதை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் அஞ்சு லிட்டர் கேன் கிடைக்கும், அது உத்தமம். இல்லைன்னா ஆர்ஓ தண்ணி.

பாத்திரம் விளக்குற திரவத்தையும் யோசிச்சுத்தான் ஊத்தணும். கெட்டியா வழியணும்னு பல கம்பெனி அதுல சமையல் உப்பே சேர்க்குது. கறுப்பு மருந்து போடுற நாட்டுத் துப்பாக்கிக்கு வெந்நீரும் சோப்பும் அருமை, அந்தக் கசடே தண்ணியில கரையிறதுதான். ஆனா சோப்புக்குப் பிறகு வெறும் வெந்நீர் ரெண்டு தடவை விட்டே ஆகணும்.

என் கேள்வி: மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், இந்த மூணும் எங்க நிக்குது?

#9 துருப்பகை

மூணும் மூணு ஜாதி.

மண்ணெண்ணெய் கரியை நல்லா இளக்கும், சுத்தம் பண்ண நல்லது, காவலுக்கு ஆகாது. நனைச்ச துணி ரெண்டு விட்டு 10 நிமிஷம் ஊறவிட்டு, வெண்கல பிரஷ் 10 போக்கு வரத்து, அப்புறம் துணி. பெட்ரோலை மட்டும் தொடாதீங்க. மண்ணெண்ணெய் பத்த 38 டிகிரிக்கு மேல சூடாகணும். பெட்ரோலோட ஆவி உறைபனியிலேயே பத்தும்.

தையல் மிஷின் எண்ணெய் மெல்லிசான கனிம எண்ணெய். குழலுக்கும் போல்ட்டுக்கும் தாராளமா உபயோகிக்கலாம், ஒட்டாது, பிசுபிசுக்காது. ஒரே குறை, மெல்லிசுங்கிறதால சீக்கிரம் வழிஞ்சிடும். மழைக்காலத்துல ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் புதுசா ஒரு துணி இழுத்தா சரி.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரி சுமாருக்குக் கீழே உறையும். மலைப் பக்கம் மார்கழி விடியல்ல போல்ட்டுக்குள்ள மெழுகு மாதிரி நிக்கும், ஊசி மந்தமாகி ப்ரைமர் அடிவாங்காமப் போகும். நாளானா காறல் வாடையும் அமிலமும் வேற. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அதைவிட மோசம், காத்துல இறுகிப் பிசினாகும். தாளிக்கிற கரண்டியோட அடியிலே படியுற அந்த மஞ்சள் பிசின் போல்ட்டுக்குள்ள படிஞ்சதா நினைச்சுக்கங்க.

#10 ஸ்காபரோ

நான் எஸ்கேஎஸ்காரருக்காக எழுதுறன், அது வாயு அழுத்தத்திலை தானாவே அடுத்த ரவையை ஏத்துற ரஷ்ய வடிவத் துவக்கு. இஞ்ச கனடாவிலை அந்தத் துவக்குக்குக் கிடைக்கிற பழைய ராணுவ ரவைகளிலை கனக்க அரிக்கிற சாதிதான்.

குழலை மட்டும் கழுவிப்போட்டு இருந்தால் கதை முடிஞ்சுது. வாயு போற வழி முழுக்க உப்பு: வாயு ஓட்டை, வாயுக் குழாய், பிஸ்டன் தலை. மேல் மரத்தோட வாயுக் குழாயைக் கழட்டி, பிஸ்டனையும் எடுத்து எல்லாத்தையும் சுடுதண்ணிக்குள்ள போடுங்கோ. வாயு ஓட்டைக்குப் புனலாலை தனிய ஊத்துங்கோ. சீனத்து எஸ்கேஎஸ் கனக்கத்துக்குக் குழல் உள்ளுக்கை குரோம் பூசியிருக்கும், ஆனபடியால் குழல் தப்பிவிடும். வாயுப்பகுதிதான் ஒட்டிப்போய் நிக்கும்.

போல்ட்டுக்குள்ளை ஊசிக்கு அநேகமான எஸ்கேஎஸ்ஸிலை சுருள்வில் இல்லை, சும்மா ஓடித்திரியும். கழுவிக் காயவைச்ச பிறகு போல்ட்டைக் காதுக்குக் கிட்டப் பிடிச்சு ஆட்டுங்கோ. கடகட எண்டு சத்தம் கேக்கவேணும். கேக்காட்டி அதைப் பூட்டாதேங்கோ. துருவோ கிறீஸோ ஊசியை முன்னுக்குப் பிடிச்சுக்கொண்டு நிண்டால், போல்ட் மூடேக்கையே வெடிக்கும், விசையைத் தொடத் தேவையில்லை. அதுக்குள்ளை கிறீஸ் பூசவே கூடாது.

குளிர்காலம் எண்டால் இன்னொண்டு. மைனஸ் 15 இலை சுட்டுப்போட்டுச் சூடான வீட்டுக்குள்ளை கொண்டுவந்தால் துவக்கு முழுக்க வேர்க்கும். உப்பும் வேர்வையும் சேர்ந்தால் கேக்கவே வேண்டாம். ஒண்டில் பையைத் திறக்காமல் அறைச்சூட்டுக்கு வருமட்டும் விடுங்கோ, இல்லாட்டி வந்த கையோட சுடுதண்ணியை ஊத்துங்கோ. ரெண்டுக்கும் நடுவிலை விட்டுட்டுச் சாப்பிடப் போகாதேங்கோ.

கடைசியா: எஸ்கேஎஸ்ஸிலை ராட் முன்பக்கத்தாலைதான் போகும். குழல் வாயின்ரை விளிம்பிலை ராட் உரஞ்சினால் குறி சிதறும். பித்தளை வழிகாட்டி வளையம் ஒண்டு வாயிலை போட்டுக்கொண்டு செய்யுங்கோ.

#11 பத்துமீட்டர்

.22ம் ஏர் ரைஃபிளும் வெச்சிருக்கவங்க இந்த இழையைப் படிச்சிட்டு வெந்நீர் கொதிக்க வைக்கப் போறாங்க, அதுக்கு முன்னாடி சொல்லிடறேன். இன்னிக்கு விக்கிற .22 தோட்டாவுல அரிக்கிற உப்பு இல்லை. அமோனியாவும் தேவையில்லை, செம்பு உறை இல்லாத ஈயத் தோட்டாவுக்கு அது வெறும் நாத்தம். காய்ஞ்ச துணி ரெண்டு மூணு இழுத்தா அநேகமாப் போதும்.

ஈயம் படிஞ்சு குழல் வாய்க்குப் பக்கத்துல சாம்பல் கீத்தாத் தெரிஞ்சா, பழைய வெண்கல பிரஷ்ல செம்புக் கம்பிச் சுருள் கொஞ்சம் சுத்தி ஓட்டணும். பாத்திரக் கடையில செம்பு நிறத்துல விக்கிற ஸ்க்ரப்பர் எல்லாம் செம்பு இல்லை. இரும்புக்கு முலாம் பூசினது நிறைய. காந்தத்தை வெச்சுப் பாருங்க, ஒட்டினா அடுப்படிக்கே திருப்பிக் கொடுத்துடுங்க.

ஏர் ரைஃபிளுக்கு மண்ணெண்ணெய், டபிள்யூடி-40, தின்னர் எதுவும் குழலுக்குள்ள போகக் கூடாது. சுருள்வில் ரகத்துல எண்ணெய் ஆவி அழுத்தத்துல டீசல் இன்ஜின் மாதிரி வெடிச்சு சீலைக் கெடுக்கும். சிலிண்டர் காத்து ரகத்துல, அழுத்தக் காத்து போற எந்த இடத்துலயும் பெட்ரோலிய எண்ணெய் பட்டா தீ ஆபத்து. ஃபெல்ட் துண்டோ காய்ஞ்ச துணியோ மட்டும்.

#12 ஹூஸ்டன்பனை

அருமை. இப்போ செம்புக்கு வாங்க. வெந்நீர் விட்டு, மண்ணெண்ணெய் போட்டுக் கரி போன பிறகும், குழல் வாயில டார்ச் அடிச்சா உள்ளே இருக்கிற சுருள் மேடுகள் மேல செம்பு நிறம் தகதகன்னு தெரியுது. வீட்டுக்குன்னு விக்கிற அமோனியா பாட்டில் உதவுமா?

#13 துருப்பகை

இங்கதான் அமோனியாவுக்கு நிஜமான வேலை. காத்துல இருக்கிற ஆக்ஸிஜனும் அமோனியாவும் சேர்ந்து செம்பைக் கரைச்சு ஆழ்ந்த நீல நிறத்துல வெளியே கொண்டுவரும். ஆக்ஸிஜன் வேணுங்கிறதால குழலை ரொப்பி அடைச்சு வெச்சா மெதுவாத்தான் கரையும். ஈரத் துணியால சுவர்ல மெல்லிசாப் பூசினா வேகமா வேலை நடக்கும்.

மோசின்காரங்களுக்கு இது புதுசில்லை. ராணுவம் கொடுத்த ரெண்டு வாய் எண்ணெய்க் குப்பியைப் பாருங்க. ஒரு பக்கம் காரத்துக்கான ரஷ்ய எழுத்து, மறு பக்கம் பெட்ரோலிய எண்ணெய்க்கான எழுத்து. ஒரு அறையில கழுவ, ஒரு அறையில பூச. அவங்க குழல் கரைசலுக்குப் பின்னாளில் இருந்த கணக்கு: 1 லிட்டர் தண்ணிக்கு அமோனியம் கார்பனேட் 200 கிராம், பொட்டாசியம் டைகுரோமேட் 3 முதல் 5 கிராம். தண்ணி உப்பைப் பாத்துக்கும், அமோனியா செம்பைப் பாத்துக்கும், டைகுரோமேட் இரும்பு துருப்பிடிக்காம காக்கும். கலக்கினது 7 நாளைக்கு மேல ஆகாதுன்னும் விதி. இதை வீட்டுல கலக்காதீங்க. டைகுரோமேட் புற்றுநோய் தரக்கூடிய விஷம், சாக்கடையில ஊத்தவும் கூடாது. அறிவுக்காகச் சொன்னேன்.

வீட்டு அமோனியா 5 முதல் 10 சதவீதம். விண்டெக்ஸ்ல இருக்கிறது அதுல ஒரு சொட்டு அளவு, செம்பை எடுக்கும்னு நம்பி அதை விடாதீங்க. சோப்பு கலந்த நுரை ரகமோ எலுமிச்சை வாசனை ரகமோ வாங்க வேண்டாம், லேபிள்ல அமோனியாவும் தண்ணியும் மட்டும் இருக்கணும். இந்தியாவுல ஹார்ட்வேர் கடையில லிக்கர் அமோனியான்னு விக்கிறது 25 சதவீதமும் அதுக்கு மேலயும் இருக்கும். மூடியைத் திறந்தாலே மூச்சு அடைக்கும். அது இந்த வேலைக்கு வேண்டாம்.

செய்முறை: முதல்ல கரியும் எண்ணெயும் சுத்தமாப் போயிருக்கணும், எண்ணெய்ப் படலத்துக்கு மேல அமோனியா வழுக்கிட்டு ஓடிடும். ஜன்னல் திறந்து, கண்ணாடி, கையுறை. நைலான் பிரஷ்ல நனைச்சு 5, 6 ஓட்டம். 5 நிமிஷம், அதிகம்னா 10. துணி இழுங்க. நீலம் வரும். நீலம் வெளுக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப. ராத்திரி முழுக்க ஊறட்டும்னு விடவே கூடாது. அமோனியா பறந்ததும் மிஞ்சுறது ஈரம், இரும்புக்கு அது போதும். முடிஞ்சதும் வெந்நீர், காய்ஞ்ச துணி, எண்ணெய்.

மரத்துல ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. மோசின் மரத்துக்குப் பூசினது அரக்கு, அதாவது ஷெல்லாக். காரம் பட்டா வெள்ளையாப் பூத்து உரியும். ஸ்பிரிட் பட்டாலும் அப்படியே. #1ல சொன்ன நாலு பீய்ச்சல் முறையில ரிசீவரை ஒட்டி மரம் திட்டுத் திட்டா வெளுக்கிறது இதனாலதான்.

#14 கடாரம்

பேட்டரியை வெச்சு மின்சாரத்துல செம்பை உரிக்கலாமே? இரும்புக் கம்பியைக் குழல் நடுவுல நிறுத்தி, அமோனியாத் தண்ணி ஊத்தி, 1.5 வோல்ட்.

#15 துருப்பகை

நடக்கும். குழலுக்கு பாசிட்டிவ், கம்பிக்கு நெகட்டிவ். செம்பு குழலை விட்டுக் கிளம்பி கம்பியில ஏறும். வயரை மாத்திக் கொடுத்தா கம்பியோட சரக்கு குழலுக்கு ஏறும். சரியாக் கொடுத்தாலும் வில்லங்கம் இருக்கு. செம்பு தீர்ந்த இடத்துல மின்சாரம் நிக்காது, அடுத்தது இரும்புதான். ஒரு இடத்துல செம்பு கெட்டியாவும் இன்னொரு இடத்துல மெல்லிசாவும் இருக்கிற குழல்ல, கெட்டியான இடம் முடியிறதுக்குள்ள மெல்லிசான இடம் குழி விழும். கம்பி ஒரு பக்கம் சாய்ஞ்சு சுவரைத் தொட்டா அதோட வேலை நின்னுடும். துணி இழுக்கச் சோம்பல்பட்டு குழலைப் பணயம் வைக்கிறதுன்னுதான் இதைச் சொல்வேன்.

#16 நாலுக்குரெண்டு

மூணாவது கேள்விக்கு: கரிக்குக் கடைச் சால்வென்ட்டுக்குப் பதிலா வீட்டுலயே கலக்கக்கூடியது, அமெரிக்காவுல எட்ஸ் ரெட்னு பேர். சம அளவு நாலு சரக்கு. ஒரு லிட்டருக்கு: டெக்ஸ்ரான் ரக ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய் 250 மில்லி, மண்ணெண்ணெய் 250, மினரல் டர்பன்டைன் 250, அசிட்டோன் 250. நம்மூர் பெயின்ட் கடையில வெறும் "டர்பன்டைன்"னு கேட்டா பெரும்பாலும் மினரல் டர்பன்டைன்தான் கொடுப்பாங்க, அதுவே சரி. "தின்னர்" கேட்டா வேற சாமான் வரும், அது வேண்டாம்.

வெளியில வெச்சுக் கலக்குங்க, பக்கத்துல அடுப்போ விளக்கோ கூடாது. கண்ணாடிப் பாட்டில் அல்லது இறுக்கமா மூடுற உலோக டப்பா. மூடி சரியில்லைன்னா அசிட்டோன் ஒரு மாசத்துல காலி. அசிட்டோனை விட்டுட்டுக் கலக்கினாலும் கரிக்கு வேலை செய்யும், கொஞ்சம் தாமதமாகும். பிளாஸ்டிக் பிடி, வார்னிஷ், அரக்கு எதுலயும் சிந்தக் கூடாது.

இது செம்பைக் கரைக்காது. உப்பையும் கரைக்காது, இதுல தண்ணி இல்லை. அரிக்கும் தோட்டாவுக்கு இது வெந்நீருக்குப் பிறகு வர்றது, வெந்நீருக்குப் பதிலா இல்லை.

துணிக்கு: பழைய பருத்தி வேட்டி, பனியன். .30 குழலுக்கு 5 சென்டிமீட்டர் சதுரம், .22க்கு 2.5. பாலியஸ்டர் கலந்தது ஈரத்தை உறிஞ்சாது, வழுக்கும். ரொம்ப இறுக்கமாப் போனா பலம் போட்டுத் தள்ளாதீங்க, ராட் வளைஞ்சு சுவர்ல உரசும். துணியைச் சின்னதா வெட்டுங்க.

#17 மேற்குமலை

ஹார்பிக், வினிகர், புளி பத்தியும் ஒரு வார்த்தை எழுதிடுங்க. வாட்ஸ்அப்ல புளி வீடியோ ஒண்ணு சுத்திக்கிட்டிருக்கு.

#18 துருப்பகை

புளி பித்தளைக் குத்துவிளக்குக்கு. காலித் தோட்டா உறையைப் பளபளப்பாக்க அந்த மாதிரி மெல்லிய அமிலம் சரி. இரும்புக் குழலுக்கு இல்லை. நீலக் கருமை பூச்சுங்கிறது இரும்பாக்ஸைடுதான், துருவைக் கரைக்கிற எந்த அமிலமும் அதையும் கரைக்கும். வினிகர் ஒரு ராத்திரியில குழலை வெள்ளி மாதிரி ஆக்கிடும். ஹார்பிக் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதுக்கு ஒரு ராத்திரி எதுக்கு?

வினிகரோட ஹைட்ரஜன் பெராக்ஸைடு கலந்து ஈயத்தை எடுக்கிற வித்தை ஒண்ணு இருக்கு. அதுல உண்டாகிறது ஈய அசிடேட். தண்ணியில கரையிற ஈயம், தோல் வழியாகவும் உள்ளே போகும். சிந்தினா துடைக்கவும் முடியாது, கொட்டவும் இடமில்லை. பிள்ளைகள் இருக்கிற வீட்டுல நினைச்சே பாக்காதீங்க.

பிளீச்சிங் திரவம் இரும்பைத் தின்னும், ஸ்டெயின்லெஸ் குழலையும் ஊசி குத்தின மாதிரி குழிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து: அமோனியா உபயோகிச்ச அதே வாளியில, அதே கழுவுத்தொட்டியில பிளீச் விழுந்தா குளோரமின் புகை. பிளீச்சும் ஹார்பிக்கும் சேர்ந்தா குளோரின். குழல் கழுவின தண்ணியை பாத்ரூம்ல கொட்டுற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு, அங்கதான் இந்த பாட்டில்கள் எல்லாம் வரிசையா நிக்குது.

அடுப்பு, ஓவன் கறை நீக்கி காஸ்டிக் சோடா. அலுமினிய பாகத்தை அரிக்கும், மரப் பூச்சை உரிக்கும். சபீனாப் பவுடர், பல்பொடி எல்லாம் மணல் மாதிரிதான். பிராசோ மட்டும் கொஞ்சம் விவாதத்துக்குரியது. அதுலயும் உரசுற தூள் இருக்கு. ஏற்கனவே துருக்குழி விழுந்த பழைய குழலுக்கு எப்பவாவது ஒரு தடவை, துணியில தடவி 10 ஓட்டம், வாய் விளிம்பைத் தாண்டாம, அப்புறம் தூள் துளியும் மிஞ்சாம கழுவணும். நல்ல குழலுக்கு வேண்டாம்.

#19 நாலுக்குரெண்டு

பிராசோ விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்லை. குழி விழுந்த குழலுக்கும் வேண்டாம். குழிக்குள்ள அது போகாது, சுத்தியிருக்கிற நல்ல மேட்டைத்தான் தேய்க்கும். மண்ணெண்ணெயும் வெண்கல பிரஷ்ஷும் பொறுமையுமே போதும்.

#20 ஹூஸ்டன்பனை

#7, #13 ரெண்டும் அப்படியே செஞ்சேன். வெந்நீர் பிரமாதம். ஆனா அமோனியாத் துணி 14 தடவை இழுத்தாச்சு, இன்னும் நீலம் வந்துக்கிட்டே இருக்கு. குழல் வாயில டார்ச் அடிச்சா செம்பு தெரியலை. முடிவே இல்லையா?

#21 ஸ்காபரோ

ராட் நுனியிலை துணியைக் கோக்கிற ஜேக் என்ன உலோகம்?

#22 ஹூஸ்டன்பனை

பித்தளை. செட்டோட வந்தது.

#23 துருப்பகை

அதுதான் நீலம். பித்தளையில பாதிக்கு மேல செம்பு, உங்க ஜேக்கைத்தான் இப்போ கரைச்சுக்கிட்டிருக்கீங்க. வெண்கல பிரஷ்ஷை அமோனியாவுல விட்டாலும் இதே கூத்து, அதனாலதான் நைலான் சொன்னேன். சோதிக்கிறது சுலபம்: ஒரு துணியை அமோனியாவுல நனைச்சு, குழலுக்குள்ள விடாம, ஜேக்கைச் சுத்தி மேஜை மேல 5 நிமிஷம் வையுங்க. நீலமானா குழல் மேல பழியில்லை. பிளாஸ்டிக் ஜேக் ரெண்டு டாலருக்குள்ள கிடைக்கும்.

#24 ஹூஸ்டன்பனை

மேஜை மேலேயே நீலமாச்சு. பிளாஸ்டிக் மாத்தினதும் ரெண்டாவது துணியே வெள்ளை. கழுவி எண்ணெய் போட்டாச்சு. இன்னிக்கு ரெண்டாம் நாள் துணி இழுத்தேன், குழல் சுத்தம். ஆனா துணி சேம்பரை விட்டு வரும்போது ஓரத்துல மட்டும் லேசா ஆரஞ்சு.

#25 நாலுக்குரெண்டு

சேம்பரோட பின்பகுதி. உங்க ரப்பர் குழாய் 4 சென்டிமீட்டர் உள்ளே அடைச்சுக்கிட்டு நின்னுதில்லையா, அது மறைச்ச சுவர்ல தண்ணியே படலை. .45 கைத்துப்பாக்கி பிரஷ் ஒண்ணு, குட்டை ராட்ல மாட்டி, துணி சுத்தி, வெந்நீர்ல முக்கி சேம்பருக்குள்ள திருகுங்க, நாலஞ்சு துணி மாத்தி. அப்புறம் காய்ஞ்ச துணி. ஆரஞ்சு போகலைன்னா நாலு சைபர் நம்பர் இரும்பு நார் ஒரு சிட்டிகை, எண்ணெயில தோய்ச்சு, அதே பிரஷ்ல சுத்தி கையால மட்டும் பத்து திருகு. டிரில்ல மாட்ட வேண்டாம். அடுத்த தடவை கழுவும்போது கடைசித் தவணைத் தண்ணிக்குக் குழாயை ஒரு சென்டிமீட்டர் மட்டும் உள்ளே நிக்கிற மாதிரி வெளியே இழுத்துக்கங்க.